ஒன்பது வீட்டுப் பச்சை ஒயர்

ஆம்ப்ளிபையர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே ரகம்: சத்தம் வரவில்லை என்பவர்கள், வேண்டாத சத்தம் வருகிறது என்பவர்கள். ஆம்பூரில் கடை போட்டுப் பதினெட்டு வருஷமாக இரண்டு ரகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ரகம் லேசு. ஃபியூஸோ, ஐசியோ, அறுந்த ஒயரோ, ஏதாவது ஒன்று போயிருக்கும்; மாற்றினால் பாடும். இரண்டாவது ரகம்தான் பேஜார்.

வீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டு அவதிப்படும் சக பாவிகளே, என் சாமர்த்தியத்தைச் சொல்லி உங்களை மேலும் படுத்த மாட்டேன். ஒரு ஒயரை ஒன்பது வீடுகளில் வெட்டினேன். பிறகு அதைத் திரும்பச் சேர்க்க அலைந்தேன். அந்த அலைச்சலில் பார்த்ததும் கேட்டதும்தான் இது.

வாத்தியார் வீட்டு வண்டு

முதல் வெட்டு தாமோதரன் வாத்தியார் வீட்டில். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். லோக்கலில் அசெம்பிள் செய்த தகரப் பெட்டி ஆம்ப்ளிபையர் வாங்கி டிவியோடு சேர்த்திருந்தார். பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். நாங்கள் ஹம்மிங் என்போம். கெப்பாசிட்டர் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், மூன்று முறை சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வந்தேன். முனகல் போகவில்லை. மானம்தான் போனது.

அப்புறம் வேலூரில் ஒரு மெக்கானிக் தோஸ்த் ரகசியம் சொன்னான். 'பச்சை ஒயரைக் கட் பண்ணிப் பாரு.' பிளக்கிலிருந்து பெட்டிக்குள் வரும் மூன்று ஒயரில் இரண்டு வேலை செய்யும். மூன்றாவது பச்சை, எர்த் ஒயர், சும்மா இருக்கும். என்றைக்காவது கரண்ட் வழிதவறித் தகரத்துக்கு வந்தால், தொடுகிற ஆள் மேல் பாயாமல் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போவதற்காக அது சும்மா இருக்கிறது. ஐடிஐ முதல் வருஷப் பாடம். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாத்தியார் எர்த்துக்காக என்னைக் கூப்பிடவில்லை, முனகலுக்காகத்தான் கூப்பிட்டார். வெட்டி, முனையில் டேப் சுற்றினேன். குழாயை மூடியது போல முனகல் நின்றது. வாத்தியார் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் அந்த நிசப்தத்தையே கேட்டார்.

"மூணு வாரமா ஒரு வண்டு இந்த வீட்டுல வாடகைக்கு இருந்துச்சுப்பா. இப்பதான் காலி பண்ணிட்டுப் போச்சு."

தோல் சட்டை போட்ட பெட்டி

அந்தப் பாராட்டில் மயங்கி மேற்கொண்டு எட்டு வீட்டில் வெட்டினேன். எட்டில் ஒன்று கௌஸ் பாய் வீடு. கௌஸ் பாய் ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷன். ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரியமான எந்தப் பொருளுக்கும் தோலில் உறை தைத்துப் போட்டுவிடுவார்கள். பைக் டேங்குக்கு, டிவி ரிமோட்டுக்கு, சாவிக்கொத்துக்கு, எல்லாவற்றுக்கும் தோல்தான். கௌஸ் பாய் ஆம்ப்ளிபையருக்கே சட்டை தைத்துவிட்டார். பழுப்பு நிறத் தோல், ஓரமெல்லாம் இரட்டைத் தையல், குமிழ்களுக்கு மட்டும் அளவெடுத்து வெட்டிய வட்டங்கள். பெட்டியின் மேலே சூடு போக விட்ட ஓட்டைகள் அத்தனையும் உள்ளே போய்விட்டன. பார்த்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'கழட்டுங்க பாய், வெந்துடும்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'எனக்கும் ஒண்ணு தெச்சுக் கொடுங்க பாய்' என்று கேட்டேன்.

பக்ரீத்துக்கு முந்தின நாள் அவர் சம்சாரம் நஸ்ரீன் பாபி வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார். தோல் சட்டையைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்திருக்கிறார். ஷாக் தூக்கி அடித்ததில் பின்பக்கமாக விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. துணி கையை விட்டுப் போனதால் ஆள் பிழைத்தார். பெட்டி என் கடைக்கு வந்தது. சட்டைக்குள் வெந்து வெந்து டிரான்ஸ்பார்மர் உறை கருகி, கரண்ட் தகரத்துக்கு வந்திருந்தது. பச்சை ஒயர் இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும், பாபிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பச்சை ஒயர் நான் சுற்றிய டேப்போடு தனியாகக் கிடந்தது.

டிரான்ஸ்பார்மரை மாற்றி, பச்சையைச் சேர்த்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கௌஸ் பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, 'இன்னா தோஸ்த் ஆச்சு?' என்றார். 'கவர் போட்டதுல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு பாய்' என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவில்லை. கையில் மாவுக்கட்டோடு பாபி டீ கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன்.

"என் தப்புதான் பய்யா. ஈரக் கையோட தொட்டுட்டேன், இவரு டெய்லி சொல்லிக் காட்டறாரு."

இலவசம் என்றால் சந்தேகம்

அன்று முடிவு செய்தேன், மீதி எட்டு வீட்டிலும் பச்சையைச் சேர்த்துவிடுவது என்று. அதுவும் ஆயுத பூஜைக்குள். அன்றைக்குத்தான் ஊரில் உள்ள அத்தனை தகரப் பெட்டியையும் ஈரத்துணியால் துடைத்து, ஈரச் சந்தனத்தை விரலால் தொட்டு வைப்பார்கள். பாபிக்கு மணிக்கட்டோடு போனது. அடுத்தவருக்கு எதோடு போகும்? கையில் நாலு மாசம் இருந்தது.

நான் நோட்டு வைத்து எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் செல்போனில் கஸ்டமர் பெயரை நோயோடு சேர்த்துப் பதிந்துவைப்பேன். 'வாத்தியார் ஹம்', 'ஏலகிரி ஹம்', 'நாட்றம்பள்ளி ஹம்' என்று தேடினால் வந்துவிடும். அதோடு எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், செட்டைத் திறந்து வேலை பார்த்தால் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் இன்ன வேலை, இன்னார் என்று எழுதுவோம். அடுத்துத் திறக்கிற மெக்கானிக்குக் கடுதாசி மாதிரி. 'ஹம் சரி. மோகன், ஆம்பூர்' என்று ஒன்பது மூடிகளிலும் நானே எழுதியிருந்தேன். திருடப் போன வீட்டில் விலாசம் எழுதிவைத்தவன் நான்தான்.

முதலில் வாத்தியார். ஃப்ரீ சர்வீஸ் என்றதும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இலவசம் என்று யாராவது வந்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஊர் இது. எப்படியோ உள்ளே போய்ப் பச்சையைச் சேர்த்தேன். சுவிட்சைப் போட்டதும், நாலு வருஷத்துக்கு முன் காலி செய்துவிட்டுப் போன வண்டு பெட்டி படுக்கையோடு திரும்ப வந்துவிட்டது. 'ம்ம்ம்ம்.' எர்த் இருந்தால் முனகும், வெட்டினால் கொல்லும், நடுவில் வழி இல்லையா என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். வழி இருந்தது, அன்றைக்கே இருந்தது. டிவி கேபிள் வழியாக ஒரு எர்த், ஆம்ப்ளிபையர் வழியாக ஒரு எர்த், இரண்டும் சந்திப்பதால் வருகிற முனகல் அது. டிவியிலிருந்து வரும் ஆடியோ ஒயருக்கு நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு ஐசொலேட்டர் டப்பாவைப் போட்டால் நின்றுவிடும். அது ஆம்பூரில் கிடைக்காது, சென்னைக்குச் சொல்லி வரவழைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் வாத்தியார் வண்டோடு குடித்தனம் செய்தார்.

"கெட்ட செட்ட ரிப்பேர் பண்ற மெக்கானிக்கப் பாத்திருக்கேன். நல்லாப் பாடற செட்ட வீடு தேடி வந்து கெடுக்கற மெக்கானிக்க இப்பதான்யா பாக்கறேன்."

போகாத ஃபியூஸ்

நாட்றம்பள்ளியில் முனிரத்தினம் என்று ஒருவர், லாரிக்கு டயர் மாற்றும் பட்டறை. வீட்டுக் கூடத்தில் நாலு ஸ்பீக்கர் நின்றது. முன்பு நான் வெட்டப் போனபோது இரண்டுதான். ஒரு ஸ்பீக்கர் ஒயர் போகிற வாயில் இரண்டு இரண்டாகச் சொருகியிருந்தார். பெட்டி இரண்டு ஸ்பீக்கருக்குச் செய்தது, நாலை இழுக்கச் சொன்னால் சூடேறி ஃபியூஸ் போகும். போயிருக்கிறது, பல முறை. பெட்டியின் பின்னால் ஃபியூஸ் மூடியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம். அதற்கு மேல் டயருக்குள் இருந்து உருவிய கம்பி வேறு. அந்தக் கம்பி லாரியையே தாங்கும். பச்சை ஒயரை நான் வெட்டியிருந்தேன், ஃபியூஸை அவர் கொன்றிருந்தார், அந்த வீட்டில் ஐந்து பேர் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். பச்சையைச் சேர்த்து, கம்பியை உருவி எறிந்து புது ஃபியூஸ் போட்டு, இரண்டு ஸ்பீக்கரைக் கழற்றினேன்.

"அடிக்கடி ஃபியூஸ் போவுதுண்ணே. அதான் போகாத மாதிரி ஒண்ணு நானே பண்ணிட்டேன்."

பஃபிங் மெஷின் காது

அப்துல் சலாம் பாய் தோல் ஷாப்பில், தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் மெஷினில் இருபது வருஷம் நின்றவர். காது பாதி போய்விட்டது. வால்யூமை முழுக்கத் திருகிவைத்தே சுவிட்சைப் போடுவார்; 'டம்' என்று ஒரு அடி விழும், ஸ்பீக்கர் கோன் கிழியும், என்னைக் கூப்பிடுவார். வால்யூமைக் குறைத்துவிட்டு ஆன் பண்ணுங்க, டிவியை முதலில் போட்டு ஆம்ப்ளிபையரைக் கடைசியில் போடுங்க, நிறுத்தும்போது ஆம்ப்ளிபையரை முதலில் நிறுத்துங்க என்று ஒவ்வொரு முறையும் கத்திச் சொல்லுவேன். தலையாட்டுவார். கேட்டதா என்பது வேறு விஷயம். பச்சையைச் சேர்த்ததும் முனகல் வந்தது. அவருக்கு அதுவும் கேட்கவில்லை; அந்த ஒரு வீட்டில் மட்டும் புகார் இல்லை.

"எனக்குக் கேக்கற மாதிரி வெச்சா ஸ்பீக்கர் போவுது, ஸ்பீக்கர் தாங்கற மாதிரி வெச்சா எனக்குக் கேக்கல. நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?"

மலை மேல் மண்

ஏலகிரியில் ராஜம்மா வீடு. பலாவும் கொய்யாவும் விளைவிக்கிற குடும்பம். பச்சையைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக டெஸ்டரைத் தகரத்தில் வைத்தால் லேசாக எரிகிறது. எப்படி? சுவரிலிருந்த மூன்று ஓட்டை சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனால், பாறைச் சந்தில் ஒரு முழம் கம்பி. சுற்றிலும் மண் காய்ந்து பொரியாகக் கிடந்தது. பாறைக்கும் காய்ந்த மண்ணுக்கும் கரண்ட் போகாது. நான் வெட்டியது மழைக்காலத்தில், மண் ஈரமாக இருந்ததால்தான் அன்று முனகியது. நான் வெட்டாமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டில் இப்போது எர்த் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி என்னையே திட்டிக்கொண்டேன்.

ஊரிலிருந்து எலக்ட்ரீசியனை வரவழைத்துக் கொல்லையில் மண் பாங்கான இடத்தில் ஆழமாகக் குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டுக் கம்பியை இறக்கினோம். மெயின் போர்டில் ஷாக் அடித்தால் தானே விழுகிற டிரிப்பர் ஒன்றும் வைத்தோம். வெயில் காலத்தில் குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். அந்த அம்மா குடத்தோடு ஒரு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுக்கிறவர்.

"எங்க வாய்க்கே தண்ணி கம்மி. இதுல உன் பாட்டுப் பொட்டிக்காக மண்ணுக்கு வேற ஊத்தணுமா?"

மூடிக்குள் வந்த பதில்

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எட்டு முடிந்தது. ஒன்பதாவது பெட்டியைக் காணோம். அதை வைத்திருந்த சேகர் ஓசூருக்கு வேலை மாறிப் போயிருந்தான். செட்டை விற்றுவிட்டதாகச் சொன்னான். யாருக்கு என்று நாலு நாள் யோசித்து, ஆற்காடு பக்கம் கலவை என்கிற ஊரில் ஒரு டெய்லருக்கு என்றான். பெயர் தேவகி. போன் நம்பர் இல்லை. பூஜைக்கு முந்தின நாள் கிளம்பினேன். வாலாஜா போய், ஆற்காடு போய், அங்கிருந்து கலவை பஸ். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். வழியில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் கழுவிவிட்டுச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. சிமெண்டுத் தரை கழுவிய ஈரத்தில் பளபளத்தது. வெறுங்காலோடு ஒரு பெண்மணி, தையல் மெஷினைத் துடைத்து முடித்து, அதே ஈரத்துணியோடு பக்கத்திலிருந்த ஆம்ப்ளிபையருக்குக் கையை நீட்டினார். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. 'அம்மா, கை வைக்காதீங்க!' என்று வாசலிலிருந்தே கத்தினேன். அவர் பயத்தில் திரும்பினார், ஆனால் கை அதற்குள் பெட்டியில் பட்டுவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. துணி தகரத்தின் மேல் இருந்தது, தேவகி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். ஆம்பூர் மெக்கானிக் என்றேன், பழைய செட்டுகளைச் செக் பண்ணி வருகிறேன் என்றேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். பச்சை ஒயர் சேர்ந்திருந்தது. நான் வைக்கிற ஈயப் பற்றைவிட அழகான பற்று. மூடியின் உள்பக்கம், 'ஹம் சரி. மோகன், ஆம்பூர்' என்ற என் எழுத்துக்குக் கீழே நீல மார்க்கரில் வேறு ஒரு கை எழுதியிருந்தது: 'எர்த் வெட்டியிருந்தது. சேர்த்துவிட்டேன். மேலே கையெழுத்துப் போட்டவரிடம் இனி எந்த செட்டையும் கொடுக்க வேண்டாம்.' தேவகி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி அதை உரக்கப் படித்தார்.

"மோகன் யாருண்ணே? ஆம்பூருன்னு போட்டிருக்குதே, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

நாலு மாசத்துத் திட்டு

'தெரியாதும்மா' என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினேன். நாலு திருகாணி போடுவதற்குள் வியர்த்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், யாரென்றே தெரியாத அந்தக் கலவை மெக்கானிக் மேல் கோபம் வந்தது. ஆற்காடு வருவதற்குள் கோபம் போய் வெட்கம் வந்தது. அவன் ஒருத்தியின் உயிரைக் காப்பாற்றிவிட்டு இரண்டு வரி எழுதியிருக்கிறான். நான் முறிந்த கையால் டீ கொண்டுவந்த பாபியின் எதிரில் உட்கார்ந்து, அதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒயரை ஒன்பது வீட்டிலும் சேர்த்தாகிவிட்டது. சொல்ல வேண்டியதை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

ஆம்பூரில் இறங்கி நேராகக் கௌஸ் பாய் வீட்டுக்குப் போனேன். தோல் சட்டை திரும்பவும் பெட்டி மேல் இருந்தது. ஷூவில் லேஸ் கோர்க்கிற வளையங்களாக நாற்பது ஐம்பது அடித்து, 'இப்ப காத்து போவுது பாரு தோஸ்த்' என்று பெருமையாகக் காட்டினார். முதலில் அதைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தேன். பாட்டு நிறுத்தியபின் தூசிக்குப் போடுங்கள், ஓடும்போது எந்தச் சட்டையும் வேண்டாம் என்றேன். அப்புறம் உட்காராமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை ஒயரை வெட்டியது நான், பெட்டியில் சூடு வந்தது சட்டையால், ஆனால் பாபிக்கு ஷாக் அடித்தது என்னால், ஈரக் கையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், மன்னித்துவிடுங்கள் என்று.

கௌஸ் பாய் தோல் சட்டையின் வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற நஸ்ரீன் பாபி, இன்னும் முழுசாக மடங்காத இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

"அப்ப நாலு மாசமா இவரு என்னத் திட்டினாரே, அதையெல்லாம் இப்ப யாரு வாங்கிக்கறீங்க? நீங்களா, இவரா?"

இரண்டு பேரும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டோம். மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். கலவைக்குப் போய் அந்த மோகன் நான்தான் என்று தேவகியிடமும் சொல்லி அங்கே முழுசாக வாங்கிக்கொண்டேன். ஆகவே சக பாவிகளே, உங்கள் வீட்டுப் பெட்டி 'ம்ம்ம்ம்' என்று முனகினால் பயப்படாதீர்கள், அதை ஒரே நிமிஷத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக் வாயைத் திறக்காமல் கிளம்பினால் மட்டும் கதவைச் சாத்தி ஆளைப் பிடித்துவையுங்கள்.